மூன்றாவது பனை

வேலியோரம் நின்ற பனைகள் இரண்டுதான். கண்ணாடியில் மூன்று இருந்தன.

கிருசாந்தி குனிந்து இன்னொரு தடவை ஊதினாள். மாசி மாதத்துக் காலைக் குளிர் இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. அவளுடைய மூச்சு கண்ணாடியில் பட்டு, சில இடங்களில் வெண்மையாகத் தங்கி, சில இடங்களில் தங்காமல் விலகி, சற்று முன்பு அதன்மேல் விழுந்த வெயிலின் படத்தை மெல்ல மெல்ல எழுப்பியது. நெடுக்குவாட்டில் யன்னல் கம்பிகள். இடப்பக்கத்தில் கலங்கிய வெள்ளைப் பட்டையாக ஒரு பனை. வலப்பக்கத்தில் மற்றப் பனை. இரண்டுக்கும் நடுவே, யன்னலின் பாதி உயரத்தோடு நின்றுவிட்ட, மேற்புறம் உருண்ட இன்னொன்று. மூச்சின் ஈரம் காய்ந்ததும் மூன்றும் ஒன்றாக மறைந்தன.

அவள் கண்ணாடிச் சட்டத்தைத் திறந்து, மரக் கதவைத் தள்ளி, வெளியே பார்த்தாள். கம்பிவேலிக்கு அப்பால் நாரந்தனைத் தரவை, மரமில்லாத மேய்ச்சல் வெளி, கடல்வரை வெறுமையாகக் கிடந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் கிணறு, கிணற்றடியில் கட்டியிருந்த மறியாடு, இரண்டு பனை. நடுவில் ஒன்றுமில்லை.

அந்தக் கண்ணாடி அவளே செய்தது. யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள் அவள். நல்ல தண்ணீருக்காகப் பவுசர் வண்டியைப் பார்த்துக் குடங்களோடு நிற்கும் தீவுகளில், இரவுப் பனியைப் பிடித்து நீராக்கித் தரும் ஒரு கண்ணாடியைச் செய்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கண்ணாடியின் மேல் ஒரே ஒரு மூலக்கூற்றின் தடிப்பத்தில் ஒரு படலம். வயலில் நாற்றுப் போல நெருங்கி நிற்கும் அந்த மூலக்கூறுகள் வெயில் பட்டால் வளையும்; இருட்டில் மறுபடி நிமிரும். நிமிர்ந்து நிற்கும்போது ஈரம் துளித்துளியாகத் தங்கும். வளைந்துவிட்டால் ஈரம் பரவி வழிந்துவிடும். "தொட்டாச்சுருங்கி எண்டு சொல்லுமன்," என்று அவளுடைய மாமியார் சறோஜினிதேவி ஒரே வசனத்தில் அதை விளங்கிக்கொண்டார்.

பல்கலைக்கழக விடுமுறைக்கு வீட்டோடு இருந்த நாட்களில், முன்னறை யன்னலிலேயே அதைப் பரிசோதித்துப் பார்த்தாள். சூரியன் தரவைக்கு மேல் தலை காட்டியதும் வெளியே உள்ள மரக் கதவுகளைத் திறப்பாள். ஒரு தேத்தண்ணி குடித்து முடியும் மட்டும் வெயில் கண்ணாடியில் விழும். பிறகு கதவுகளைச் சாத்திவிட்டு ஊதிப் பார்ப்பாள். வெயில் பட்ட இடம் தெளிவாக இருக்கும்; நிழல் விழுந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அசைகிற எதுவும் பதியாது. காற்றில் ஆடும் ஓலை, நடந்து போகும் ஆள், பறக்கும் காகம் எல்லாம் கரைந்துவிடும். அசையாமல் நிற்பவைக்கு மட்டும்தான் அங்கே இடம். அன்றிரவே மூலக்கூறுகள் எல்லாம் நிமிர்ந்துவிடுவதால், நேற்றையது எதுவும் இன்றைக்கு மிஞ்சாது.

ஆகவே நடுவில் நின்றது எதுவோ, அது இன்றைக்குத்தான் நின்றது. அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு இதே யன்னல் வழியாகத் தரவையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும், அசையாமல், அவளுக்கு நேரே.

"மாமி, ஒருக்கா இஞ்சை வாங்கோ."

குசினியிலிருந்து தேங்காய்ப் பூ ஒட்டிய கையோடு மாமி வந்தார். "என்ன பிள்ளை, கண்ணாடி வெடிச்சுப் போச்சோ?"

"இல்லை, பாருங்கோ." கிருசாந்தி ஊதினாள். "எங்கடை பனை ரண்டும். நடுவிலை இதென்ன?"

மாமி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "மாடு ஏதும் வந்து நிண்டிருக்கும்."

"மாடு வாலாவது ஆட்டும் மாமி. ஆட்டினால் பதியாது."

"அப்ப உம்மடை மருந்துதான் பிழை."

"மருந்து பிழையெண்டால் என்ரை பட்டமும் பிழை." கிருசாந்தி சிரித்தாள். "ஆரோ உங்களைப் பார்க்க வந்து வேலியோடை நிக்கினம் போலை. விடியக்காலமை கூப்பிடக் கூச்சமாக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான், அந்த வீட்டில் அந்தப் பகிடியைச் சொல்லக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது.

மாமிக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். இளையவன் சசிகரன், கிருசாந்தியின் கணவன். கொழும்பில் வேலை, இடைக்கிடை வந்து போவான். மூத்தவன் ஆரூரன். தொண்ணூறாம் ஆண்டு, அவனுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லி இந்த வாசல் படலையடியில் வைத்துத்தான் ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். அனுப்பவில்லை. மாமி அவனுக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்ய விடவில்லை. முன்னறையில் தொங்கும் அவனுடைய படத்துக்கு மாலை போடவும் விடவில்லை. தினமும் மத்தியானம் பானையின் முதல் சோறு ஆரூரனுடைய சாப்பாட்டுத் தட்டில் விழும், மூடி வைக்கப்படும், பின்னேரம் ஆட்டுக்குப் போகும். அதைப் படையல் என்று யாராவது சொன்னால் மாமிக்குக் கோபம் வரும். "வாற பிள்ளை பசியோடை வரும்," என்பார், அவன் கடைக்குப் போய்விட்டு வருகிறவன் போல.

மாமி இப்போது சிரிக்கவில்லை. குனிந்து, தானே கண்ணாடியில் ஊதினார். நடுவில் நின்றதைப் பார்த்தார். ஈரம் காயும்வரை பார்த்தார். பிறகு குசினிக்குப் போனார். தேங்காய் துருவும் சத்தம் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் மாமி ஒரு கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டு அமர்ந்திருந்தார். சாத்திய மரக் கதவுகளின் இடுக்கால் மெல்லிய வெளிச்சக் கோடுகள் அவருடைய முகத்தில் விழுந்தன. முதலில் அவர் செபம் பண்ணுவது போலத்தான் கேட்டது. கிட்டப் போனபோதுதான் கதை என்று தெரிந்தது.

"அவன் நேரை நிக்க மாட்டான். தலையை ஒரு பக்கம் சரிச்சுக்கொண்டுதான் நிப்பான். தேப்பன் பேசுவார், வில்லங்கத்துக்கு விலை கேக்க வந்தவன் மாதிரி நிக்காதையெண்டு."

"ஆரோடை மாமி கதைக்கிறியள்?"

"சும்மா, பிள்ளை. நினைவு வந்தது, சொன்னனான்."

கிருசாந்தி பக்கத்தில் அமர்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய சொந்தத் தாய் அவளுடைய கலியாணத்துக்கு வரவில்லை. அன்றைக்கு மணவறைக்குப் போகுமுன், நடுங்கிக்கொண்டிருந்தவளை இருத்தி, தலை வாரி, பூ வைத்துவிட்ட கை இது. அந்தக் கை இப்போது ஈரமாகவும் சூடாகவும் இருந்தது, காய்ச்சல்காரியின் கை போல.

மறுநாள் விடிய, நடுவில் நின்றது இடம் மாறியிருந்தது.

சுவரோடு கையை வைத்துப் பிடித்தால் அதன் நிழலின் ஓரம் கூராக விழும். தள்ளிப் பிடித்தால் கலங்கும். தூரத்தை அளக்க அது போதும். வேலியோரப் பனைகள் நேற்றுப் போலவே கலங்கிக் கிடந்தன. ஆனால் அவற்றின் நடுவில் நின்றதன் ஓரங்கள் இன்று திருந்தியிருந்தன. தோள்கள் இருந்தன. கழுத்து இருந்தது. வேலிக்கும் வீட்டுக்கும் இடையில், கிணற்றடியில் நின்றால்தான் நிழல் இவ்வளவு தெளிவாக விழும்.

தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது.

தேத்தண்ணி குடித்தபோது கண்டதை அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கிணற்றடியில் யாரும் இல்லை. ஆடு மட்டும் கயிறு போகும் எல்லைவரை போய், கயிறு கம்பி போல விறைக்க, கிணற்றைப் பார்த்தபடி நின்றது. கத்தவில்லை. மேயவில்லை. அப்போது அது அவளுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

மாமிக்கு இதைக் காட்டக் கூடாது என்று நினைத்துத் திரும்பினாள். மாமி அவளுக்குப் பின்னால் நின்றார்.

"கிட்ட வந்திட்டானோ?"

அன்று பின்னேரம் அவள் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டு சசிகரனுக்குப் போன் எடுத்தாள். கிணற்றுக் கட்டைச் சுற்றி ஈரச் சாக்கின் மணம் அடித்தது. மழை பெய்து கனநாள்.

"ஆய்வுகூடத்திலை விட்ட குறைக்கு நீர் வீட்டிலையும் பேய் பிடிக்கிறீரோ?" என்றான் அவன்.

"பகிடி இல்லை, சசி. அம்மா அதோடை கதைக்கிறா."

"அம்மா முருங்கை மரத்தோடையும் கதைக்கிறவா. காய்க்காட்டில் வெட்டிப் போடுவன் எண்டு வெருட்டுறவா. அது காய்க்கிறதுதானே."

அவள் சிரிக்கவில்லை. மறுமுனையில் அவனுடைய சிரிப்பும் நின்றது.

"கிருசா, அவவைத் தனிய விடாதையும். அண்ணையை நினைக்கத் துவங்கினால் அவவுக்கு நிலை தெரியாது. நான் பத்தாம் வகுப்பு படிக்கேக்கை ஒருக்கா, ஆரோ கூப்பிடுறாங்கள் எண்டு சொல்லித் தரவையாலை நடந்து போய்க் கடலுக்குள்ளை இறங்கிட்டா. கழுத்து மட்டும் தண்ணி. மீன்பிடிக்கப் போனவைதான் இழுத்துக்கொண்டு வந்தது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லுற கதையோ அது. வெள்ளிக்கிழமை இரவு பஸ் எடுக்கிறன். அதுவரைக்கும் ஒரு நிமிசமும் தனிய விடாதையும்."

"விடமாட்டன்."

அவள் உள்ளே வந்தபோது மாமி யன்னலடியில் இருந்தார். முகத்தில் ஓர் இளமை வந்திருந்தது. "காது ரண்டும் வெளியாலை தள்ளிக்கொண்டு நிக்கும் அவனுக்கு," என்று கண்ணாடிக்குச் சொல்லிச் சிரித்தார். "பள்ளிக்கூடத்திலை சட்டிக்காதன் எண்டு பட்டம் வைச்சவங்கள். வந்து அழுவான். நான் சொல்லுவன், வடிவாக் கேக்கட்டும் எண்டுதானடா பெரிசாய்ப் பெத்தனான் எண்டு."

மூன்றாம் நாள் விடியல். அவள் ஊதினாள். தலை சரிந்திருந்தது. அதன் இரு பக்கமும், சட்டியின் பிடிகள் போல, காதுகள்.

ஓரங்கள் முன்னையதைவிடக் கூராக இருந்தன. கிணற்றுக்கும் யன்னலுக்கும் பாதி வழி.

கிருசாந்தி தரையில் அமர்ந்துவிட்டாள். வந்தது பயம் மட்டும் இல்லை. பல வருடம் பழகிய ஒரு பழக்கம், பயத்துக்கு நடுவிலும் அவளுடைய மூளைக்குள் தானாக வேலை செய்தது. முதல் நாள் தலை சரிந்திருக்கவில்லை. தோளே இருக்கவில்லை. பனையோடு பனையாக, வெறும் குற்றி. மாமி தலையைப் பற்றிச் சொன்னார், தலை சரிந்தது. மாமி காதைப் பற்றிச் சொன்னார், காது முளைத்தது. பின்னேரம் யன்னலுக்குச் சொல்வதை எல்லாம் அது விடியும்போது உடுத்திக்கொண்டு வருகிறது.

ஆரூரன் என்றால் அவனுக்குத் தன்னுடைய காதைத் தெரிந்திருக்கும். இதற்கு யாரோ சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆய்வுகூடத்தில் ஒரு முடிவில் சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அன்று பின்னேரம், மாமி குசினியில் கறி தாளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவள் யன்னலடிக்கு வந்தாள். மரக் கதவுகள் சாத்தியிருந்தன. கடுகு வெடிக்கும் சத்தமும் கருவேப்பிலை மணமும் பின்னாலிருந்து வந்தன. முன்னாலிருந்து, இடுக்குகள் வழியாக, ஈரச் சாக்கு மணம். அவள் வாயைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய், மாமிக்குக் கேட்காத மெல்லிய குரலில் ஒரு பொய்யைச் சொன்னாள்.

"ஆரூரன் அண்ணைக்கு வலக்கையிலை ஆறு விரல்."

மரக் கதவு வெளியிலிருந்து மெல்ல முனகியது. காது கேளாத ஒருவர் நன்றாகக் கேட்பதற்காகச் சாய்ந்தது போல.

அடுத்த நாள் முழுக்க முகில். சூரியன் எழும்பியதும் தெரியவில்லை, விழுந்ததும் தெரியவில்லை. கண்ணாடி ஒன்றும் காட்டவில்லை. மாமி சாப்பிடவில்லை. ஆட்டுக்குக் குழை வைத்தால் ஆடும் தொடவில்லை. மாமியும் மருமகளும் வீட்டுக்குள் வேலையில்லாமல் நடந்தார்கள். ஒவ்வொரு தடவையும் முன்னறையைக் கடக்கும்போது கிருசாந்தியின் கால்கள் தாமாகவே சுவரோரம் ஒதுங்கின, இடுக்கமான வழியில் எதிரே நிற்கும் ஓர் ஆளுக்கு வழி விடுவது போல.

அதற்கடுத்த நாள் வெயில் எறித்தது.

அவள் மரக் கதவுகளைத் திறந்தாள். தேத்தண்ணி ஊற்றினாள், குடிக்கவில்லை. முற்றம் கழுவிவிட்டது போல வெளித்திருந்தது. கிணறு. ஆடு. பனைகள். யன்னலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவ்வளவு கிட்ட ஒன்றுமே இல்லாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது.

கதவுகளைச் சாத்த வேண்டும். அதற்குச் சட்டத்தைத் திறந்து, கம்பிகளுக்கு நடுவால் கையை வெளியே விட்டு, கொளுக்கியைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் யோசிக்காமல் செய்த வேலை.

சட்டத்தைத் திறந்தாள். கையை விட்டாள்.

வெளியே குளிர் இல்லை. அறைக்குள்தான் குளிர். வெளியே, முழங்கைவரைக்கும், சன நெரிசலில் நிற்கும்போது வருகிற வெக்கை. ஈரம். சாக்கு மணம் முகத்தில் அடித்தது. கொளுக்கி விரலில் படவில்லை. துழாவினாள். ஏதோ ஒன்று அவளுடைய கைக்காக விலகிக் கொடுத்தது. கொளுக்கி பட்டது. இழுத்தாள். கதவுகள் அடித்துச் சாத்திக்கொண்டன.

ஊத மூச்சு வர நேரமெடுத்தது.

கண்ணாடி முழுக்க அதுதான். பனைகள் இல்லை, கம்பிகளைத் தவிர வேறு எதற்கும் இடம் இல்லை. சரிந்த தலை. காதுகள். கண்ணாடியோடு ஒட்டினாற்போல விரித்துப் பிடித்த ஒரு வலக்கை, சவர அலகால் வெட்டியெடுத்தது போன்ற ஓரத்தோடு. அவள் எண்ணினாள். ஈரம் காய்ந்தது. ஊதி மறுபடி எண்ணினாள்.

ஆறு.

"மாமி." கூப்பிட்டாள். "மாமி, வாங்கோ. வந்து எண்ணுங்கோ."

மாமி வந்தார். கிருசாந்தி ஊதினாள். மாமி விரலை நீட்டி, படிக்காத பிள்ளை எண்ணுவது போல மெதுவாக, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"ஆரூரன் அண்ணைக்கு எத்தினை விரல், மாமி?"

"அஞ்சு."

"அப்ப இது அவர் இல்லை. ஆறெண்டு நான்தான் பொய் சொன்னனான். அண்டைக்குப் பின்னேரம், இந்த யன்னலுக்கு. அது கேட்டுக்கொண்டு நிண்டிருக்கு. நீங்கள் சொன்னதையும் அப்பிடித்தான் கேட்டது. விளங்குதோ? இது உங்கடை பிள்ளை இல்லை."

கண்ணாடி தெளிந்துவிட்டது. மாமி குனிந்து தானே ஊதினார். அந்தக் கையின்மேல் தன்னுடைய கையை வைத்தார். அளவு சரியாக இருந்தது.

"முப்பத்திநாலு வருசம், பிள்ளை," என்றார். "எத்தினை பேரைப் பாத்திட்டன். எத்தினை அரசாங்கக் கந்தோர் வாசல்லை படத்தோடை நிண்டிட்டன். ஒருதரும் எனக்கு ஒரு விரலைக்கூடக் கொண்டுவந்து காட்டேல்லை."

"மாமி..."

"ஆறெண்டால் ஆறாய் இருக்கட்டும்."

அன்றைக்கே அவள் கண்ணாடிகளைக் கழற்றினாள். உடைக்க மனம் வரவில்லை. உடைக்கப் பயமாகவும் இருந்தது. முன்னறையின் உட்சுவரில், வாசலுக்கு நேரே சாய்த்து வைத்தாள். யன்னலை மட்டை வைத்து ஆணியடித்தாள். முன்கதவுக்கு மேல் பூட்டும் கீழ்ப் பூட்டும் போட்டாள். ஊரில் ஓட்டோ ஓடும் ஷாருஜனுக்குப் போன் எடுத்தாள்.

"விடியவோ, அக்கா? என்ன, மாமியும் மருமோளும் ஓடிப் போறியளோ? சசி அண்ணை எனக்குத்தான் அடிப்பார்."

"ஓம் தம்பி. ஓடித்தான் போறம். கெதியாய் வாரும்."

மாமி ஒரு மறுப்பும் சொல்லவில்லை. "ஓம் பிள்ளை, போவம்," என்று தன்னுடைய இரண்டு சீலைகளை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்தச் சம்மதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. படுக்கும்போது மாமியின் பக்கத்தில் பாயைப் போட்டு, அவருடைய சீலைத் தலைப்பைத் தன்னுடைய கையில் சுற்றிக்கொண்டாள். மாமி அதைப் பார்த்துச் சிரித்தார். "சின்னனிலை அவனும் இப்பிடித்தான் படுக்கிறவன்," என்றார்.

விழித்தபோது கையில் சீலை இருந்தது. சீலைக்குள் மாமி இல்லை.

வெளிச்சம்.

வீட்டுக்குள் அந்த நேரத்தில் இருக்கக் கூடாத வெளிச்சம். அவள் எழுந்து முன்னறைக்கு ஓடினாள்.

முன்கதவு விரியத் திறந்திருந்தது. நடுவில், வாசலைப் பார்த்தபடி, கதிரையில் மாமி. தோய்ந்து, தலை வாரி, கோயிலுக்கு உடுக்கும் சீலை உடுத்தி. பின்னால் மட்டும் தெரிந்தார். கதிரைக்குக் கீழே தரையில் ஆரூரனுடைய சாப்பாட்டுத் தட்டு. புட்டுத் துகள்கள் ஒட்டியிருந்தன. முதல் தடவையாக அதில் யாரோ சாப்பிட்டிருந்தார்கள்.

"மாமி."

"எழும்பிட்டீரோ, பிள்ளை." மாமியின் குரல்தான். "தேத்தண்ணி குசினியிலை மூடி வைச்சிருக்கு."

"கதவை ஏன் திறந்தனீங்கள்?"

"எவ்வளவு நேரமெண்டு வெளியிலை நிக்க விடுறது?"

அவள் சுற்றிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால். அலுமாரிப் பக்கம். மூலை. யாரும் இல்லை. முற்றத்தில் ஆடு குழை தின்றுகொண்டிருந்தது. சாக்கு மணம் இல்லை. தூரத்தில், வளைவில், ஷாருஜனின் ஓட்டோச் சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

"ஒருதரும் இல்லைத்தானே, மாமி?"

"ஒருதரும் இல்லை. நான் மட்டும்தான்."

வெயில் சரிந்து, சுவரை விட்டுத் தரைக்கு இறங்கியிருந்தது. சுவரில் சாய்த்திருந்த கண்ணாடிகள் நிழலுக்குள் வந்துவிட்டன. ஆனால் இவ்வளவு நேரமும், கதவு திறந்ததிலிருந்து, வெயில் அவற்றின்மேல்தான் விழுந்திருக்க வேண்டும். கதிரையைத் தாண்டி. மாமியைத் தாண்டி.

பார்க்காமல் போய்விடலாம். பையை எடுத்துக்கொண்டு, மாமியைக் கையில் பிடித்துக்கொண்டு, போய்விடலாம்.

அவள் முழங்காலிட்டு ஊதினாள்.

கதிரை. நான்கு கால், சாய்மானம், இரண்டு கைப்பிடி. கூராக, தெளிவாக.

கதிரையில் ஓர் ஆள்.

ஒரே ஓர் ஆள்.

சரிந்த தலை. இரு பக்கமும் காதுகள். கைப்பிடியின்மேல் வலக்கை, விரித்தபடி.

மாமி எங்கும் இல்லை.

ஈரம் காய்ந்தது. பின்னால் கதிரை கிரீச்சிட்டது. படலையடியில் ஓட்டோ வந்து நின்று ஹோர்ன் அடித்தது.

அவள் திரும்பினாள்.

மாமி கதிரையில் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியின் முகம். மாமியின் சிரிப்பு. தலை மட்டும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. இடக்கை பக்கத்துக் கதிரையைத் தட்டியது. வலக்கை சீலைத் தலைப்புக்குள் இருந்தது.

"வாரும், இதிலை வந்து இரும். என்னைத் தனிய விடமாட்டனெண்டு சொன்னனீர், கிணத்தடியிலை."

"வலக்கையை வெளியிலை எடுங்கோ."

"ஏன் பிள்ளை?"

"எடுங்கோ, மாமி."

மாமி இன்னும் கொஞ்சம் தலையைச் சரித்தார். பரிவோடு, ஒரு குழந்தையின் மறதிக்குச் சிரிப்பது போல.

"நீர்தானே சொன்னனீர்."

சீலை அசைந்தது. பெருவிரல் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக, மெதுவாக, அவள் எண்ணுவதற்கு வசதியாக. ஐந்தாவது விரலும் வந்தது. அதற்குப் பிறகும் அந்தக் கை வந்துகொண்டிருந்தது.